அவர் சொல்லட்டும்

அக்கா எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்தபோது நான் அவரைப் பார்த்து, "போங்கோ, போங்கோ" என்றேன்.

நான் சொல்ல நினைத்தது "வாங்கோ". பாரிசவாதம் என் வலது கையையும் காலையும் எடுத்துக்கொண்டதோடு நில்லாமல் பேச்சையும் புரட்டிப் போட்டிருந்தது. ஒன்றை நினைத்தால் அதற்கு நேர் எதிரானது வாயிலிருந்து விழும். பல வேளைகளில் ஒன்றுமே விழாது. நான் திருகோணமலை பஸ் நிலையத்தில் நேரக்காப்பாளராக இருந்தவன். கந்தளாய், கண்டி, நிலாவெளி, மூதூர் என்று நாள் முழுவதும் கூவி பஸ்களை அனுப்பிவைத்தவன். அந்த வாயால் இப்போது வீடு தேடி வந்த ஒரு மனுஷியை வரவேற்கப் போய் விரட்டிவிட்டேன்.

என் மனைவி பதறிப்போனாள். "குறை நினைக்காதேங்கோ, அவருக்குக் கதை பிழையா வருது."

அக்கா அவள் பக்கம் திரும்பவே இல்லை. என்னையே பார்த்தார். "போறன். ஆனால் இப்ப இல்லை" என்று சொல்லிவிட்டு, கதிரையை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

அன்றுவரை அவரை எங்களுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவரின் வீட்டார் சொல்லித்தான் எங்கள் வீட்டை விசாரித்துக்கொண்டு வந்திருந்தார். பாலையூற்றிலிருந்து வெயிலுக்குள் நடந்தே வந்த களைப்பு முகத்தில் இருந்தது. ஐம்பத்தைந்து வயதிருக்கும். உயரமான, தோள் அகன்ற மனுஷி. கழுத்தில் செபமாலை, கையில் ஓர் ஆண்பிள்ளைக் குடை.

உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே எழுந்துபோய் அறையின் யன்னலைத் திறந்தார். காற்றுப் பட்டால் வாதம் கூடும் என்று நாட்டுமருந்து தந்த பரியாரியார் சொன்னதிலிருந்து அந்த யன்னல் பூட்டியே கிடந்தது. எண்ணெய் மணமும் மூத்திர மணமும் சேர்ந்து தேங்கிய அறை அது. "ஐயோ, காத்து" என்றாள் என் மனைவி. "காத்துத்தான். பேய் இல்லை" என்றார் அக்கா.

பிறகு என்னிடம் கேட்டார். "என்ன வேலை செய்தனீங்கள்?"

"இவர் பஸ் ஸ்ராண்டில..." என்று என் மனைவி தொடங்கினாள். அக்கா கையைத் தூக்கி மறித்தார். "அவர் சொல்லட்டும்."

நான் வாதத்தில் விழுந்த நாளிலிருந்து ஒருவரும் என்னிடம் நேரே ஒன்றும் கேட்டதில்லை. "எப்பிடி இருக்கிறார்? சாப்பிடுறாரோ? ஆக்களை அடையாளம் மட்டுக்கட்டுறாரோ?" எல்லாம் என் தலைக்கு மேலாக என் மனைவியிடம்தான் போகும். நான் கட்டிலில் கிடந்த ஒரு சாமான். அக்கா காத்துக்கொண்டிருந்தார். யன்னலுக்கு வெளியே பார்க்கவில்லை. சேலைத் தலைப்பைச் சரிசெய்யவில்லை. எனக்கு வியர்த்துக் கொட்டியது. மனைவி கொண்டுவந்து வைத்த தேத்தண்ணீர் ஆறி ஆடை படிந்தது. கடைசியில் "ப... பஸ்" என்றேன்.

"பஸ்" என்று தலையை ஆட்டினார், நான் முழுக்கதையையும் சொல்லி முடித்துவிட்டதுபோல. "நல்லம். அப்ப வாற சனிக்கிழமை பாலையூற்றுக் கோயிலுக்கு பஸ்ஸிலயே வாங்கோ."

வாசல் படலைவரை கூடப்போன என் மனைவியிடம் மட்டும் வேறொன்று கேட்டார். "நீங்கள் எப்ப நித்திரை கொண்டனீங்கள்?" அவள் படலையைப் பிடித்தபடி நின்று அழுதது எனக்கு, திறந்துகிடந்த யன்னலூடாகத் தெரிந்தது.

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. அவருக்கு அது ஒரு பொருட்டாக இருந்திருக்காது. எதையும் மறைக்கத் தெரியாதவர் அவர். ஆனால் நாங்கள் ஒருவரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் அக்கா. ஆகவே அவருடைய கணவர் எல்லோருக்கும் அத்தான். வெள்ளைக்காரரின் கடற்படை இருந்த காலத்தில் அத்தான் துறைமுகத்தில் பாரந்தூக்கி இயந்திரம் ஓட்டியவர். பீரங்கியையும் கொதிகலனையும் தூக்கிக் கப்பலில் வைத்த மனிதர். வாதம் அடித்தபின் அவருக்கு மிஞ்சியது ஒரு இடது கையும் நிற்காத கண்ணீரும். துக்கமென்றில்லை. ஆரும் வந்தாலும் அழுவார், போனாலும் அழுவார், சாப்பிட்ட பாண் நன்றாக இருந்தாலும் அழுவார். "அது அவரின்ரை கவலை இல்லை, இந்த வாத வருத்தத்தின்ரை குணம்" என்று அக்கா புதிதாக வருகிறவர்களுக்கு விளங்கப்படுத்துவார். "நீங்கள் பாட்டுக்குக் கதையுங்கோ."

அக்கா பாலையூற்றுக் கோயில் பாதரிடம் கேட்டு, பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பிக்கும் அறையைச் சனிக்கிழமை பின்நேரங்களில் எடுத்திருந்தார். நாங்கள் அங்கே கூடியதற்கு ஒரு பெயரும் கிடையாது, தலைவர் செயலாளர் என்றும் ஒருவரும் இல்லை. விழுந்தவர்களும் அவர்களைப் பார்க்கிறவர்களும் வருவோம். சிறுபிள்ளைகளின் வாங்குப் பலகைகளில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்காருவோம். கையை நீட்டி மடக்கப் பழகுவோம். ஒருவர் பேசத் தொடங்கினால், அது எவ்வளவு நேரம் எடுத்தாலும், மற்றவர் இடையில் புகுந்து வசனத்தை முடித்துக் கொடுக்கக்கூடாது. அந்த அறையில் அக்கா வைத்திருந்த ஒரே சட்டம் அதுதான். முடித்துக் கொடுத்தவருக்கு அன்றைக்குத் தேத்தண்ணீர் கிடையாது. ஒருமுறை பாதருக்கே கிடைக்கவில்லை.

கிண்ணியாவிலிருந்து ஒரு ஹாஜியார் வருவார். பலகையும் விறகும் விற்கும் மரக்காலை வைத்திருந்தவர். அவருடைய மனைவிதான் விழுந்தவர். பிற ஆண்கள் இருக்கும் இடத்துக்கு அந்த அம்மா வரமாட்டார் என்பதால் ஹாஜியார் மட்டும் தோணித்துறை கடந்து, பஸ் பிடித்து வந்து, பெண்களுக்குள் இருந்து ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு போவார். கஞ்சியைத் தண்ணீராக வைக்காமல் கொஞ்சம் தடிப்பாகக் காய்ச்சவேண்டும், நாடியை நெஞ்சுப் பக்கம் குனியவைத்துப் பருக்கினால் புரையேறாது என்பதெல்லாம் அவர் அங்கே அறிந்தவை. ஒரு சனிக்கிழமை வந்தவுடனேயே அக்காவிடம் சொன்னார். "தங்கச்சி, நேத்து அவவுக்கு ரெண்டு பின்னல் போட்டுவிட்டன். ரெண்டும் கோணல். கண்ணாடியில பாத்துப்போட்டுச் சிரிச்சா. விழுந்ததுக்குப் பொறகு இதுதான் முதச் சிரிப்பு." அத்தான் அதற்கும் அழுதார். அன்றைக்கு ஹாஜியாரும் கூட அழுதார்.

எனக்கு அக்காவில் பிரியம் இருந்த அளவுக்குப் பயமும் இருந்தது. எதையும் மூடிவைக்க அவர் விடமாட்டார். ஒருநாள் ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போய்விட்டு பஸ்ஸில் நாங்கள் எல்லோரும் ஒன்றாக வந்துகொண்டிருந்தபோது அத்தானுக்கு மூத்திரம் போய்ச் சாரம் நனைந்து இருக்கையும் நனைந்துவிட்டது. முன்னால் இருந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். நானாக இருந்தால் அப்படியே செத்துப்போயிருக்கலாம் என்று நினைத்திருப்பேன். அக்கா எழுந்து நின்று பஸ் முழுவதற்கும் கேட்கச் சொன்னார். "இவருக்கு அடக்க ஏலாது. குடிவெறியும் இல்லை, விசரும் இல்லை. ஆரிட்டையாவது தண்ணி இருந்தால் தாங்கோ, நான் கழுவிவிடுறன்." என் மனைவி முந்தானைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டாள். ஆனால் பின்னாலிருந்து ஒரு போத்தல் தண்ணீர் கைமாறிக் கைமாறி வந்தது.

ஏன் இப்படி என்று ஒருநாள் என் மனைவிதான் கேட்டாள். அக்கா ஒளிக்காமல் சொன்னார். அத்தான் விழுந்த புதிதில் அவரும் ஒளித்தவர்தானாம். மன்னாரில் தமையன் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று அயலுக்கெல்லாம் சொல்லிவிட்டு, அத்தானை உள் அறையில் பூட்டிவைத்தே பராமரித்தாராம். அப்படியே வருடங்கள் போயிருக்கின்றன. ஒருநாள் அக்கா கூப்பன் அரிசிக்காகச் சங்கக்கடை வரிசையில் நின்ற நேரம், பக்கத்து வீட்டுப் பெண் கொஞ்சம் சீனி கேட்டு வந்திருக்கிறாள். பூட்டுச் சரியாகப் பொருந்தாத கதவைத் தள்ளிக்கொண்டு அத்தான் தவழ்ந்து வெளியே வந்திருக்கிறார். தாடியும் சடையுமாக. அவள் வீரிட்டுக் குழறிக்கொண்டு ஓடினாளாம்.

"நான் வரேக்கை முற்றத்தில கிடந்து அழுதுகொண்டிருந்தார். அதுதான் உண்மையா அழுதது" என்றார் அக்கா. "அண்டைக்கே முகம் வழிச்சு, கதிரையைக் கொண்டுபோய் படலையடியில வைச்சு இருத்தினன். போற வாற எல்லாருக்கும், இவர்தான் என்ர மனுசன், மன்னாருக்குப் போகயில்லை, நான் பொய் சொன்னனான் எண்டு சொன்னன்."

கடற்கரை ஊரான சல்லியிலிருந்து வந்த ஒரு பெண்ணைப்பற்றியும் சொல்லவேண்டும். முப்பது வயதுகூட இராது. அவள் புருஷன் வலை இழுத்துக்கொண்டிருக்கும்போதே வள்ளத்துக்குள் விழுந்தவன். கூடப்போனவர்கள் கரைசேர்த்தார்கள். அவனைச் சைக்கிளில் இருத்தி, சரியாமல் தன் தோளை முட்டுக் கொடுத்து பஸ் தரிப்புவரை தள்ளிக்கொண்டு வருவாள். அறைக்கு வந்தால் வாய் திறக்கமாட்டாள். அக்கா கேட்டால், "ஒண்டுமில்லை அக்கா" என்பாள். வாராவாரம் அதே பதில்.

அன்றும் அதே பதில்தான். அக்கா அவளை விடவில்லை.

"பிள்ளை, இவன் செத்துப்போனால் நல்லம் எண்டு நினைச்சனியோ?"

ஹாஜியார் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டார். அந்த இளைஞன் அவளுக்குப் பக்கத்திலேயே இருந்தான். பேச்சு இல்லையே தவிர எல்லாம் விளங்கும் அவனுக்கு. எனக்குக் கோபம் வந்தது. வருத்தக்காரனை வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வியா இது? எழுந்து போய்விடலாம் என்றால் என்னால் தனியாக எழும்ப ஏலாது.

அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். ஒருவரும் முடித்துக் கொடுக்கவில்லை. பிறகு, "ஓம்" என்றாள். "கடலோடயே போயிருக்கலாம் எண்டு நினைச்சனான். ஒருநாள் இல்லை அக்கா. எத்தினையோ நாள்."

"நானும் நினைச்சனான்" என்றார் அக்கா. அத்தானைக் காட்டினார். "இவரைத்தான். இவருக்கும் தெரியும், நான் சொல்லியிருக்கிறன். நினைச்சுப்போட்டு எழும்பிப்போய் இவருக்குக் கஞ்சி வைச்சனான். நீயும் அதைத்தானே செய்யிறாய்? பிறகென்ன?"

அவள் குலுங்கி அழுதாள். அவளுடைய புருஷன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். கனநேரம் சென்று, தனக்கு வைத்திருந்த தேத்தண்ணீரை இடது கையால் மெல்ல அவள் பக்கம் தள்ளினான். கொஞ்சம் சிந்தியது. அவள் எடுத்துக் குடித்தாள்.

திரும்பிவரும்போது பஸ் தரிப்பில் என் மனைவி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "நானும் ஒருக்கா நினைச்சனான்."

எனக்கு அது தெரியும். கட்டிலில் கிடக்கிறவனுக்கு அது தெரியாமல் போகாது. "தெரியும்" என்று சொல்ல வாயெடுத்தேன். "தெரியாது" என்று வந்தது. "தெரியாது, தெரியாது" என்று தலையை மட்டும் ஆமென்று ஆட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. பிறகு எனக்கும். பஸ் வந்து நின்றதும் தெரியாமல் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம். அன்றிரவு அவள் நித்திரை கொண்டாள்.

இப்படி இரண்டு மூன்று வருடங்கள் போயின. நான் தடியூன்றி நடக்கத் தொடங்கினேன். பேச்சும் அநேகமாகத் திரும்பிவிட்டது. அவசரப்பட்டால் மட்டும் பழையபடி புரளும்.

அப்படி ஒரு சனிக்கிழமை, எல்லோரும் எழும்பிப் போகிற நேரம், அக்காவின் வலது காலில் செருப்பு இல்லாததைக் கண்டேன். வாசலுக்குள்ளேயே கழன்று கிடந்தது. அவர் அது தெரியாமல் முற்றத்து மணலில் நடந்துகொண்டிருந்தார். நான் விழுவதற்கு முதல் நாள் பஸ் நிலையத்தில் என் செருப்பும் அப்படித்தான் எனக்குத் தெரியாமல் கழன்றது.

"அக்கா, செருப்பு" என்றேன்.

அவர் காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அப்படியொரு பார்வையை அவரிடம் அதற்குமுன் நான் கண்டதில்லை. கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார். "எனக்குத் தெரியும். கொஞ்ச நாளா இந்தக் கை சாப்பாட்டுப் பீங்கானைப் பிடிக்குதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் படுக்கவைச்சுப் போடுவாங்கள். பிறகு இவரை ஆர் பாக்கிறது? நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. உங்கட மனிசிக்கும் சொல்லக்கூடாது."

ஊரார் எல்லோருடைய மறைப்பையும் பிடுங்கிப் போட்டவர், என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். நான் தலையாட்டினேன்.

அந்தக் கிழமை முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னால் துரோகம். சொல்லாவிட்டால் அவர் ஒருநாள் குசினி அடுப்படியில் விழுந்து கிடப்பார், பக்கத்தில் அத்தான் தூக்கவும் ஏலாமல் கூப்பிடவும் ஏலாமல் இருப்பார். இந்தக் காட்சி கண்ணை விட்டுப் போகவில்லை.

அடுத்த சனிக்கிழமை அக்கா வழமைபோல ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டு வந்தார். என் முறை வந்ததும் நான் எழுந்து நின்றேன்.

"அக்காவுக்கு..." என்றேன். வாய் இறுகியது. "அக்காவுக்கு... கை..."

"தன்ர கையைச் சொல்லுறார். நோகுதாம்" என்றார் அக்கா.

அறையில் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் இன்னொருவருடைய வசனத்தை முடித்துக் கொடுத்து நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை. நான் தலையை அசைத்து மறுத்தேன். ஏலாது என்று சொல்லப்போய் அவசரத்தில் நாக்குப் புரண்டது. "அக்காவுக்கு... ஏலும்."

"பாத்தீங்களோ, எனக்கு ஏலுமாம். சரி, இருங்கோ. அடுத்த ஆள்."

என் மனைவி எழுந்தாள். நான் அவளிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. கொடுத்த வாக்குக்காக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் நான் கிழமை முழுக்கச் சாப்பிடாமல் இருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். "அக்கா" என்றாள். "அவர் இன்னும் சொல்லி முடிக்கயில்லை. அவர் சொல்லட்டும்."

நான் அக்காவின் குடையை எடுத்து, அவருடைய வலது கைப்பக்கமாக நீட்டினேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கையைத் தூக்கினார். விரல்கள் குடையைச் சுற்றி வந்தன, மூடவில்லை. குடை நிலத்தில் விழுந்தது.

சல்லிப் பெண்தான் முதலில் ஓடிவந்து அவரைத் தாங்கினாள். அக்கா, "இவரை ஆர் பாக்கிறது, இவரை ஆர் பாக்கிறது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். "நான் பாக்கிறன் அக்கா" என்றாள் அவள். "ஒருத்தருக்கு வைக்கிற கஞ்சியை ரெண்டு பேருக்கு வைக்கிறது எனக்கு என்ன?" ஹாஜியார் வீதிக்கு இறங்கி, போய்க்கொண்டிருந்த ஒரு காரை மறித்தார்.

இரத்த அழுத்தம் ஏறி வாதமும் தொடங்கிவிட்டதாம். இன்னும் சில நாள் விட்டிருந்தால் காப்பாற்றியிருக்க ஏலாது என்று டொக்டர் சொன்னார். நான் இரண்டுதரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டுதரமும் அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். என் மனைவியுடன் மட்டும் கதைத்தார். வெளியே வாங்கில் இருந்து அவர்கள் பேச்சைக் கேட்டுவிட்டு வந்தேன்.

அவர் வீடு திரும்பி, ஒரு மாதமளவில், சனிக்கிழமைக்கு வந்தார். வலது காலை இழுத்துத்தான் நடந்தார். வாய் ஒரு பக்கம் சற்றுக் கோணியிருந்தது. வழமையாக அவர் நிற்கும் இடத்தில் நிற்காமல், விழுந்தவர்கள் இருக்கிற வாங்கில், அத்தானுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். என் மனைவி, "அக்கா, ஏதாவது சொல்லுங்கோ" என்றாள்.

நாங்கள் காத்திருந்தோம். வெளியே ஒரு பஸ் போனது. கோயிலில் யாரோ தும்புக்கட்டையால் கூட்டுகிற சத்தம் கேட்டது. அக்காவின் வாய் அசைந்தது, நின்றது, திரும்ப அசைந்தது.

"எனக்கு... இவரோட... கோவம்" என்று என்னைக் காட்டினார். இன்னும் கொஞ்ச நேரம் எடுத்தார். "அது... போன உடன... சொல்லுறன்."

ஹாஜியார்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும். அக்காவுக்கும் சிரிப்பு வந்தது. கோணிய வாயால் சிரித்ததில் கடைவாயால் எச்சில் வழிந்தது. அவர் அதைத் துடைக்கக் கையைத் தூக்கினார். அது பாதியிலேயே நின்றுவிட்டது.

அத்தான் அழுதுகொண்டே தன் தோளில் கிடந்த துவாயை இடது கையால் இழுத்தெடுத்தார். அவர் கை ஆடியது. முதலில் கன்னத்தில் பட்டது, பிறகு மூக்கில். பக்கத்திலிருந்த ஒருவரும் உதவிக்குக் கை நீட்டவில்லை. அக்கா முகத்தை அவர் பக்கம் திருப்பி, கண்ணை மூடி, அவர் துடைத்து முடிக்கும்வரை அசையாமல் இருந்தார்.